காலண்டுலா பூவின் கூட்டுச் சர்க்கரை

மேரிகோல்டு என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் வழங்கி வருகின்றன. ஒன்று, நம் ஊர்த் துலுக்கச் சாமந்தி. மற்றது, ஐரோப்பிய நாடுகளில் வீட்டுத் தோட்டந்தோறும் வளர்க்கப்படும் காலண்டுலா. சிறு காயங்களுக்கும் தோல் எரிச்சலுக்கும் காலண்டுலாப் பூவைக் களிம்பாக்கித் தடவுவது அங்கு நெடுங்கால வழக்கம். இப்பூவில் உள்ள பாலிசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரை நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவதாகப் பேசப்படுகிறது. இதன் உண்மை நிலையை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது.

சங்கிலி அமைப்பு

கருவேல மரத்தில் வடியும் பிசின் யாவரும் அறிந்ததே. காலக்டோஸ், அரபினோஸ் போன்ற எளிய சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்து அமைந்ததே அது. காலண்டுலாப் பூவில் இருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. 1989ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இப்பூவிலிருந்து மூன்று கூட்டுச் சர்க்கரைகள் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றின் மூலக்கூறு எடை முறையே 15,000, 25,000, 35,000. மூன்றிலும் நடுத்தண்டு காலக்டோஸால் ஆனது. அரபினோஸ், ராம்னோஸ் சர்க்கரைகள் அதில் கிளைகளாக அமைந்துள்ளன.

வெள்ளணுக்களும் பூவும்

இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை, உடலில் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிக்கிறது. சோதனைக் குழாயில் இச்சர்க்கரைகளைச் சேர்த்தபோது, மனித வெள்ளணுக்களின் விழுங்கும் திறன் கூடியது. ஆனால், பூவைக் காய்ச்சிக் குடித்தால் நோய் அண்டாது என்பதற்கு இது சான்றாகாது. மேலும், இச்சர்க்கரை நீரில் கரையும். ஆல்கஹால் மிகுந்தால் கரையாமல் படிந்துவிடும். ஆகவே அடர்ந்த ஆல்கஹாலில் எடுக்கும் சாற்றில் இதனை எதிர்பார்க்க இயலாது. சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்கள் காலண்டுலாவைத் தவிர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒப்பந்த முறையில் பயிரிடப்படுவது துலுக்கச் சாமந்தி. அதன் இதழிலிருந்து லூட்டின் என்ற நிறமி எடுக்கப்படுகிறது. அது காலண்டுலாவுக்கு மாற்றாகாது. காலண்டுலாவிலும், ஐரோப்பிய மருந்துத் தர நூல் கேட்பது குறைந்தது 0.4 சதம் ஃபிளேவனாய்டு. கூட்டுச் சர்க்கரையின் அளவை அது கேட்பதில்லை. எனவே, ‘நோய் எதிர்ப்புப் பூ’ என்ற பேச்சை மட்டும் நம்பி நிலத்தை ஒதுக்குவது நஷ்டத்தில் முடியலாம். வாங்குவோர் எந்தச் செடியை, எந்தத் தரத்தில், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பின்னரே விதைப்பது நலம்.