பெர்ல் நிரலும் கட்டளை வரித் தெரிவுகளும்

இலக்கிய நூல்களுக்குச் சொல்லடைவு தொகுக்கும் பணியினைக் கணிப்பொறியிடம் ஒப்புவிப்போருள் பெர்ல் மொழியிற் சிறு நிரல்கள் எழுதிக்கொள்வோர் உளர். நிரலை இயக்குங்கால் தேடுசொல் யாது, அதன் இருமருங்கும் எத்தனை சொற்கள் காட்டப்பெறல் வேண்டும், விளைவு எக்கோப்பிற் சேரவேண்டும் என்பனவற்றைக் கட்டளை வரியில் தெரிவுகளாகக் கொடுப்பர். தெரிவு பிழைபட்டிருந்தும் நிரல் அதனை ஏற்று இயங்கிவிடின் விளைவு வெறுமையாய் அமைதலும் உண்டு. அவ்வெறுமையைச் சான்றாகக் கொண்டு, இச்சொல் இந்நூலுள் பயிலவில்லை என ஓர் ஆய்வாளர் எழுதிவிடுதலும் கூடும்.

1987-இல் லாரி வால் வெளியிட்டது பெர்ல் மொழி. தெரிவுகளைப் பகுத்துணர்தற்குரிய 'கெட்டாப்ட் லாங்' என்னும் நிரற்கூறு இன்று அதனுடனேயே வழங்குகின்றது. தெரிவின் மதிப்பு முழுவெண்ணோ எழுத்துத் தொடரோ என முன்னரே அறிவித்துவிடின், எண் வேண்டுமிடத்து 'ஐந்து' எனச் சொல்லால் எழுதுவாரை அஃது எச்சரிக்கும். எச்சரிக்குமேயன்றி நிரலை நிறுத்தாது; பிழை நேர்ந்தமையை ஒரு பொய்ம்மதிப்பால் உணர்த்தி அமையும். அம்மதிப்பை நோக்கி நிரலை நிறுத்துதல் எழுதுவோர் கடன். அதற்கு வேண்டுவது ஒரு வரியே. அதனையும் எழுதாது விடுதல் பொறுக்கத்தக்கதன்று.

மதிப்புக் கட்டாயம் என்பது வேறு, தெரிவு கட்டாயம் என்பது வேறு. முன்னதை நிரற்கூறு காணும், பின்னதைக் காணாது. -5 என்பதும் முழுவெண்ணாதலின் அதனையும் தடையின்றி ஏற்கும். எழுத்துத் தொடரைக் கட்டாயமாக வேண்டிநிற்கும் தெரிவோ, தன்னை அடுத்து வருவது யாதாயினும் விழுங்கிவிடும். கோப்பின் பெயரை எழுத மறந்து அடுத்த தெரிவை எழுதின், அத்தெரிவின் பெயரே கோப்பின் பெயராய்விடும், எச்சரிக்கையும் எழாது. ஆதலின் சிறுகோட்டில் தொடங்கும் மதிப்பை மறுத்தலும், எண்ணின் எல்லையை வரையறுத்தலும் நிரலுள்ளேயே செய்யத்தக்கன.

தமிழ்ச்சொல் மதிப்பாய் வருங்கால் இடர் மிகும். கட்டளை வரியினின்று பெர்ல் பெறுவன எழுத்துகள் அல்ல, பைட்டுகளே. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொண்டது. 'சொல்' என்பதனைச் சகரம், ஒகரக்குறி, லகரம், புள்ளி என 4 குறியீடுகளாக நாம் எண்ண, பெர்ல் 12 என எண்ணும். தமிழெழுத்துகள் உளவா என வினவின் இல்லை என்னும். ஆதலின் முதற்கண் அவற்றை எழுத்துகளாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதன்பின்னும் ஒன்று உண்டு. ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலும் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு. தேடுசொல் ஒருவகையாலும் நூல் மற்றொருவகையாலும் பதியப்பெற்றிருப்பின் பொருத்தம் ஒன்றும் கிட்டாது. தெரிவிற் பிழையில்லை, ஆதலின் மேற்கூறிய சோதனை எதுவும் அதனை மறுக்காது. இரண்டினையும் யூனிகோடு வகுத்த ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் தகும். நிரல் ஏற்றுக்கொண்ட தேடுசொல்லையும் பிற தெரிவுகளையும் விளைவுக் கோப்பின் தலைப்பில் பொறிக்கச் செய்யின், விளைவு வெறுமையாயிருக்குமிடத்து அதன் காரணத்தைப் பின்னர்ப் படிப்போரும் ஆராய்தல் கூடும்.