பழவேற்காட்டின் பூகோளமும் சரித்திரமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கடலுக்கும் ஏரிக்கும் இடையே அமைந்திருப்பது பழவேற்காடு. இன்று அது மீன்பிடிப்போரும் சிறு வணிகரும் வாழும் சிற்றூர். ஆயினும் சென்னைப் பட்டினம் தோன்றுவதற்கு முன்பே இவ்வூரின் பெயர் கடல் கடந்த தேசங்களில் வழங்கிற்று. அப்பெயரை அங்கே கொண்டு சென்றது நம் முன்னோர் நெய்த துணியே என்பதால், நெசவாளரும் விவசாயிகளுமான நம் அங்கத்தினர்கள் இவ்வூரின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

இடத்தின் இயல்பு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்பகுதியே நம்முடையது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கிறது. நம் வயல்களைக் கடந்து வரும் ஆரணியாறு தென்முனையில் ஏரியை அடைகிறது. பக்கிங்காம் கால்வாயும் இதனூடே செல்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் நிறைந்து ஏரி விரியும். கோடையில் சுருங்கி உப்பு மிகும். முகத்துவாரம் திறந்திருந்தால்தான் கடல்நீர் உட்புகுந்து இறாலும் மீனும் பெருகும். மணல் அடைத்துக்கொண்டால் மீனவர் வாழ்வும் அடைபட்டுப் போகும். குளிர்காலத்தில் பூநாரைகள் திரளாக வந்து இறங்கும் காட்சி கண்ணுக்கு விருந்து.

ஒல்லாந்தர் வருகை

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு குடியேறினர். அவர்களுக்குப் பின் வந்தவர் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று, 1610-இல் அவர்கள் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழிக்கவே, 1613-இல் கோட்டையே எழுப்பினர். தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் அதற்கு கெல்டிரியா எனப் பெயரிட்டனர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் டச்சு வாணிபத்திற்கு இதுவே தலைமையிடம். பின்னர் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்டு மீண்ட ஊர், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825-இல் முடிவாக அவர்கள் வசமாயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. வாயிலில் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

துணியும் அதன் விலையும்

ஒல்லாந்தர் நாடி வந்தது கிழக்கிந்தியத் தீவுகளின் மிளகு, கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றை. அத்தீவினர் அவற்றுக்கு ஈடாக விரும்பிக் கேட்டது சோழமண்டலத்துப் பருத்தித் துணியை. ஆகவே உள்நாட்டுச் சிற்றூர்களில் நெய்து, சாயவேரின் செந்நிறம் ஏற்றிய துணிகள் இத்துறையில் கப்பலேறின. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலேகாட்' என்கிறார்கள். அச்சொல் பழவேற்காட்டின் திரிபேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து தறிகளில் நெய்த கட்டக் கைக்குட்டைக்கும் 'புலிக்கட்' என்றே பெயர். பெயர் நம் ஊருடையது. நெய்த தறியும் இலாபமும் பிறருடையவை!

நெய்தவன் நிலை யாது? நூல் வாங்கவும் வீட்டுக்கு அரிசி வாங்கவும் அவனிடம் முதல் இல்லை. கம்பெனி பெருவணிகரிடமும், பெருவணிகர் தரகரிடமும், தரகர் நெசவாளியிடமும் முன்பணம் அளித்தனர். நீளம், அகலம், நிறம் யாவும் வாங்குவோர் விதித்தபடியே. அளவில் குறைந்தால் விலை குறைக்கப்படும், அல்லது துணி தள்ளப்படும். உலகச் சந்தையில் விலை ஏறினாலும் அச்செய்தி தறிக்குழிக்கு எட்டவில்லை. பஞ்ச காலத்திலோ நிலைமை கொடிது. பசியால் வாடிய ஏழைகள் அடிமைகளாக விற்கப்பட்டு, துணி சென்ற அதே துறையிலிருந்து பத்தேவியா முதலிய இடங்களுக்கு ஏற்றப்பட்டனர். இதனையும் சரித்திரம் மறைக்கலாகாது.

நாம் கொள்ள வேண்டியது

ஏரிக்கரையில் மற்றொரு பாடமும் உண்டு. கோட்டைக்குப்பம் முதலிய மீனவக் குப்பங்களில் 'பாடு' என்னும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இறால் மிகுந்த இடங்களை வலியவன் பிடித்துக்கொள்ளாதபடி, உரிமையுடைய குடும்பத்தார் முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றனர். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும். சட்டமும் பதிவேடும் வருமுன்பே எழுந்த கூட்டுறவு இது.

நெசவாளிக்கும் உழவனுக்கும் அத்தகைய பாதுகாப்பு பிற்காலத்திலேயே கிட்டியது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே, இம்மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. நாட்டின் முன்னோடிச் சங்கம் என்னும் பெருமை அதற்கு உண்டு. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் என நாம் அறியும் நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனம் உருவாயிற்று. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம், ஊர்ப் பெயரைப் பிறர் கவராமல் காக்க வழி செய்துள்ளது.

நூல், முதல், சந்தை, பெயர் ஆகிய நான்கும் தன் கையில் இல்லாமையால் அன்றைய நெசவாளி நலிந்தான். இந்நான்கையும் அங்கத்தினர் கையில் சேர்ப்பதே சங்கத்தின் பணி. சங்கத்திற்குத் தரவேண்டிய துணியைத் தனி வியாபாரியிடம் முன்பணத்துக்காக விற்பவரும், பொதுக்குழுக் கூட்டத்திற்கு வராமல் இருப்பவரும், பழைய தரகர் முறைக்கே மீண்டும் வாயில் திறக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சங்கங்கள் ஒரு நாள் தம் அங்கத்தினரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லலாம். கல்லறைகளைக் கண்டபின், ஏரிக்கரைக்கும் சென்று மீனவர் பாடு பகிர்ந்துகொள்ளும் விதத்தைக் கேட்டறிவது பெரும் பயன் தரும்.