சூரியனுக்கு ஓரம் போட்ட எலெக்ட்ரான்

1769 ஜூன் 4. சூரியன் முகத்தை வெள்ளிக் கோள் கடந்துபோவதைப் பார்க்க, புதுச்சேரியில் பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தி காத்திருந்தார். ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையின் இடிபாட்டில் அவருக்கு ஒரு ஆய்வுக்கூடம் கட்டித் தந்திருந்தார்கள். 1761இல் நிகழ்ந்த முந்தைய கடப்பின்போது ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால், ஆடும் கப்பலிலிருந்துதான் பார்க்க முடிந்தது. அந்த அளவு எதற்கும் உதவவில்லை. எட்டு வருஷம் பொறுத்தார். அன்று காலை சரியான நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது; வெள்ளி போன பிறகு வெயில் அடித்தது.

பாவம், மனிதர். ஆனால் அவர் அளக்க வந்தது எதை? வெள்ளி என்ற கரும்புள்ளி சூரியனின் ஓரத்தைத் தொட்டு விலகும் நொடியை. அதற்கு முதலில் சூரியனுக்கு ஓரம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! சூரியன் முழுக்க முழுக்க வாயு. புகைக்கு ஓரம் உண்டா? இருந்தும் புதுவைக் கடற்கரைச் சாலையில் விடிகாலை நிற்பவர்கள் பார்ப்பது, கத்தரித்து ஒட்டினாற்போல் ஒரு வட்டத்தை.

14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள சூரியனில், நம் கண்ணுக்கு வரும் ஒளி கிளம்பும் அடுக்கு சுமார் 500 கிலோமீட்டர் தடிமன்தான். இவ்வளவு மெல்லிய அடுக்குக்குள் வாயு எப்படித் திடீரென்று ஒளிபுகாததாக மாறுகிறது? அங்கே வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். ஹைட்ரஜனுக்கு அது போதாது. அதன் எலெக்ட்ரானைப் பிய்க்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். சோடியம், மெக்னீசியம், இரும்பு போன்றவைதான் எளிதில் எலெக்ட்ரானை விடுகின்றன. அப்படி உதிர்ந்தவை ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த சராசரி ஆற்றலோடு அலைந்து, ஹைட்ரஜன் அணுக்களில் முட்டுகின்றன. சில சமயம் ஒட்டிக்கொள்கின்றன. அப்போது பிறக்கிற எதிர்மின் ஹைட்ரஜன் அயனிதான் ஒளியை விழுங்கும் ஆசாமி என்று 1939இல் வானியலர் ரூபர்ட் வில்ட் சொன்னார். பத்துக் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது இருக்கிறது, அதுவே போதும். மேலே போகப் போக அணுவும் குறைகிறது, எலெக்ட்ரானும் குறைகிறது, இரண்டும் சந்திப்பது இன்னும் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் ஓரம் இவ்வளவு கூர்மை.

சொல்வது சுலபம், எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கணக்கிட வேண்டுமே. அதைச் செய்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் பெயரைச் சொன்னாலே வெண்குறு விண்மீன்களின் நிறை எல்லைதான் பேச்சாகிவிடுகிறது. இந்த வேலையை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் கட்சி.

சிக்கல் இதுதான். இரண்டு எலெக்ட்ரான்களையும் ஒரே தூரத்தில் வைத்து எளிய கணக்குப் போட்டால், மொத்த ஆற்றல் மைனஸ் 12.9 எலெக்ட்ரான் வோல்ட் வரும். தனி ஹைட்ரஜனுக்கோ மைனஸ் 13.6. அதாவது அந்த அயனி உருவாகவே முடியாது! சந்திரசேகர் 1944இல் சமத்துவத்தைக் கைவிட்டார்: ஒன்று உள்ளே, மற்றது ஏறக்குறைய மூன்றரை மடங்கு தள்ளி வெளியே. உடனே ஆற்றல் மைனஸ் 14ஐ நெருங்கியது, அயனி நின்றது. இரண்டும் ஒன்றையொன்று தவிர்ப்பதையும் சமன்பாட்டில் சேர்த்தபோது பிணைப்பு ஆற்றல் 0.7 எலெக்ட்ரான் வோல்ட் கிடைத்தது. இன்றைய மதிப்பு 0.754.

ஒட்டாமல் உரசிப்போகும் எலெக்ட்ரானும் ஒளியை விழுங்கும். அதை 1946இல் பிரான்சஸ் பிரீனோடு சேர்ந்து கணக்கிட்டார். மேசைக் கணக்குப் பொறியும் பொறுமையும்தான் கருவிகள். (இப்படிக் கையால் கணிப்பது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டு 1825இன் சந்திர கிரகணத்தைக் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி வானியலர் ஜான் வாரன் எழுதியிருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம்.)

ஆனால் அந்த 1946 கணக்கில் ஒரு வசதி இருந்தது: எலெக்ட்ரான் கிட்டே வரும்போது அணு அசையாமல் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். மெதுவான எலெக்ட்ரான் விஷயத்தில் இது செல்லாது. வேகமாக வருவது அணு சுதாரிப்பதற்குள் கடந்துவிடும். மெதுவாக வருவதோ அணுவின் மின்மேகத்தை இழுத்துக் கோணலாக்கும். கோணலான அணு திரும்ப அதை இழுக்கும். போதாததற்கு, வந்தது எது, இருந்தது எது என்று பிரித்துச் சொல்லவும் குவாண்டம் விதி விடாது. கணினிக்கு இதைக் கற்பிக்க பெல்ஃபாஸ்டில் பிலிப் பர்க் குழுவினர் எடுத்தாண்டது ஆர்-அணி முறை. அணுவைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளம். உள்ளே இந்தக் குழப்பம் அத்தனைக்கும் முழுக் கணக்கு, வெளியே தூரத்து ஈர்ப்பு மட்டும். எல்லைக்கோட்டில் இரண்டு விடைகளும் பொருந்த வேண்டும். இந்த முறையில் பெல், பெரிங்டன் இருவரும் 1987இல் வெளியிட்ட எண்கள்தாம் விண்மீன் கணக்குகளில் பரவலாகப் புழங்குகின்றன.

ஹைட்ரஜன் இப்படி அடங்கிவிட்டது. 26 எலெக்ட்ரான் கொண்ட இரும்பு அடங்கவில்லை. சூரியனின் உட்பகுதியை ஒத்த 20 லட்சம் டிகிரிச் சூட்டில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் அதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. அலைநீளத்தைப் பொறுத்து, கணக்கு சொன்னதைவிட 30 முதல் 400 சதவீதம் வரை கூடுதலாக ஒளியை விழுங்கியிருந்தது இரும்பு. கோளாறு கணக்கிலா, சோதனையிலா என்று இரு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.