லண்டனில் வர்ணம் பூசிய கொழும்புக் குருவிகள்

வெள்ளவத்தையில் மாடிவீட்டுத் தொட்டியில் செவ்வரத்தை வளர்ப்பவர்கள், நீண்டு வளைந்த அலகோடு ஒரு கறுத்த குருவியைக் கண்டிருப்பார்கள். வெயில் பட்டால் கறுப்பு ஊதாவாகும். லோட்டன் தேன்சிட்டு. 1766இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்குச் சூட்டியது ஓர் ஒல்லாந்த ஆளுநரின் பெயரை.

யோன் கிடியன் லோட்டன் 1752 முதல் 1757 வரை கொழும்பில் ஆளுநர். கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் திறக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். கொழும்பிலேயே பிறந்த பறங்கி ஓவியர் பீட்டர் கோர்னெலிஸ் டி பெவேரேயைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். ஊர் திரும்பும்போது தாள்களையும் எடுத்துப் போனார். லண்டனில் தோமஸ் பென்னன்ட் 1769இலும் பீட்டர் பிரவுன் 1776இலும் வெளியிட்ட நூல்களில் அவற்றில் சில அச்சேறின. சிலவற்றைப் பிரதியெடுத்த சிட்னி பார்க்கின்சன்தான் கப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஓவியராகப் போனவர்.

அச்சு என்றாலும் இயந்திரம் பாதி, கை பாதி. செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். மை தேய்த்து மேற்பரப்பைத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கிடையே தள்ள, காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துவரும். இடம் வலமாகிவிடும், கிடைப்பதும் கறுப்புக் கோடுகள் மட்டுமே.

நிறம் அதற்குப் பிறகு. மாதிரித் தாள் ஒன்றை முன்னால் வைத்து, கூலிக்கு அமர்ந்தவர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் நீர்வர்ணம் பூசுவார்கள். பறவையைப் பார்த்தே இராத கைகள். அதனால் ஒரே படம் ஒரு பிரதியில் செங்கல் நிறம், இன்னொன்றில் ரோசா. தேன்சிட்டு மாதிரி மின்னும் பறவை வந்தால் பாடு இன்னும் மோசம்: அந்த ஊதா சாயமல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் கோணத்தால் பிறப்பது. தட்டையான வர்ணத்தில் அது எப்படிப் பிடிபடும்? ஈயவெள்ளை பூசிய இடங்களோ கந்தகக் காற்றுப் பட்டு, காலப்போக்கில் கறுத்தும் போயின.

இப்படியொரு படம் பழங்கடையில் சட்டத்துக்குள் தொங்கினால் உருப்பெருக்கியால் பாருங்கள். ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளமும், கோட்டைத் தாண்டி வழிந்த வர்ணமும் தெரிந்தால் நல்ல அறிகுறி. பொடிப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு; சட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்கள்.