அத்தை விழுந்த நேரம்

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில், மூன்று படி ஏறி நுழைய வேண்டிய பழைய வீட்டில் வசிக்கும் என் அத்தை, எண்பத்திரண்டு வயதிலும் மார்கழியில் ஒருநாள்கூடத் தவறாமல் விடியுமுன் ஸ்நானம் செய்து வாசலில் கோலமிட்டு வந்தவள், அப்படியொரு மார்கழிச் சனிக்கிழமையன்று குளியலறையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். அவளுடைய வலது கால் இடது காலைவிடச் சற்றே குட்டையாகத் தெரிந்ததும், பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்ததும், எலும்பு முறிவின் லட்சணங்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஒண்ணுமில்லடா, சுளுக்குதான், தைலம் தேய்ச்சாச் சரியாப் போயிடும்" என்று அவளே எங்களுக்குத் தைரியம் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமி புத்தூர் கட்டுப் போடுகிறவரை அழைத்து வரலாம் என்றாள். பகல் முழுவதும் தைலத்திலும் ஒத்தடத்திலும் கழிந்து, இரவில் அவள் வலி தாங்காமல் முனகத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் ஞாயிறு, இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். திங்கட்கிழமை வந்ததும், ரத்தம் உறையாதிருக்க அவள் தினமும் சாப்பிட்டு வந்த மாத்திரையின் வேகம் குறையட்டும் என்று மேலும் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். புதன்கிழமை நடந்த ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. கத்தி பிடித்த கை தேர்ந்த கை. ஆனால் அதற்கு முந்தைய இரவிலேயே அத்தை, கையில் ஏறிக்கொண்டிருந்த குளுகோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் காலமான அத்திம்பேரைப் பெயர் சொல்லாமல் "ஏன்னா, ஏன்னா" என்று அழைத்து, டிகாக்ஷன் இறக்கியாகிவிட்டதா என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, படுக்கைப் புண் ஆரம்பித்திருந்தது.

இடுப்பு முறிவு என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், உண்மையில் முறிவது தொடை எலும்பின் மேல்முனையே. இடுப்புக் குழிக்குள் பந்துபோல் பொருந்திச் சுழலும் அதன் தலைக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்கள் அதன் கழுத்தைத் தழுவியே செல்வதால், கழுத்து முறிந்து விலகும்போது அவையும் அறுபட, தலை உயிரற்றுப் போகும் அபாயம் உண்டாகிறது. அதனால்தான் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தலையையே அகற்றிவிட்டு உலோகத்தாலான பந்து ஒன்றைப் பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டம் பிழைத்திருக்கும்; திருகோ நீண்ட ஆணியோ இட்டு எலும்பை இணைத்துவிடலாம். இந்த வித்தைகள் பரவுவதற்கு முன், காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பதே சிகிச்சையாக இருந்தது. எலும்பு ஒருவேளை கூடியிருக்கும்; ஆனால் அதற்குள் மார்பில் சளி கட்டி, காலில் ரத்தம் உறைந்து, முதுகில் புண் வைத்து மனிதர் போய்ச் சேர்ந்துவிடுவார். முறிவைவிடப் படுக்கையே கொடியது என்பதுதான் இந்த வைத்தியத்தின் சாரம். இன்றும்கூட, உலகின் பல நாடுகளில், இப்படி விழுந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கிறார்கள்.

ஆகவே எலும்பை நன்றாகப் பொருத்தினோமா என்ற கேள்வியோடு, எத்தனை மணி நேரத்தில் பொருத்தினோம், மறுநாள் எழுப்பி நிறுத்தினோமா, புத்தி பேதலிக்கிறதா என்று பார்த்தோமா என்ற கேள்விகளும் சமமான முக்கியத்துவம் பெறுகின்றன. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு வைத்தியர், முதியோர் வைத்தியர் ஒருவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு, இருவரும் ஒரே வார்டில் ஒரே நோயாளியைப் பார்க்கும் முறையை அரை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திக் காட்டினார். சுவீடன் 1988-ல் இத்தகைய முறிவுகளுக்கென்று தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டனில் எலும்பு வைத்தியர் சங்கமும் முதியோர் வைத்தியர் சங்கமும் கைகோத்து 2007-ல் தொடங்கிய பதிவேட்டில், சேர்ந்த ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு நோயாளியின் நேரங்களையும் எழுதி அனுப்பியது. எழுதியவை ஆஸ்பத்திரியின் பெயரோடு பகிரங்கமாக வெளியிடப்பட்டன.

வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள் அந்தப் பதிவேட்டில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 2007-ல் நூற்றுக்கு 54.5 பேர், 2011-ல் அது 71.3 ஆயிற்று. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் அதே காலத்தில் நூற்றுக்கு 10.9-லிருந்து 8.5 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் இதற்காகக் கண்டுபிடிக்கப்படவில்லை. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், 72 மணி நேரத்துக்குள் முதியோர் வைத்தியரின் பரிசோதனை முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றிய ஆஸ்பத்திரிக்கு அந்த நோயாளிக்கென்று கூடுதல் தொகை தரப்பட்டது. கணக்கு எழுதுவதோடு நில்லாமல் கணக்குக்குக் காசும் வைத்தார்கள்.

அவசரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வொன்றில், முறிவு உறுதியான ஆறு மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இருபத்து நான்கு மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் இல்லை; புத்தித் தடுமாற்றமோ முந்தியவர்களிடம் குறைந்திருந்தது. ஆனால் நம் ஊரில் வழக்கு ஆறு மணிக்கும் இருபத்து நான்கு மணிக்கும் இடையிலா நடக்கிறது?

சென்னை இந்த விஷயத்தை அறியாத ஊர் அன்று. டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால் 1978-ல் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியது. 1996-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் முதியோர் வைத்தியத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பும் வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. சாலையில் அடிபட்டவருடைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. விபத்தில் காலம் உயிர் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்ட நாள் அது. அண்ணா சாலையில் விழுந்தவனுக்கு ஓடத் தொடங்கும் அந்தக் கடிகாரம், தி. நகரில் மொசைக் தரையில் விழுந்த பாட்டிக்கு ஓடுவதில்லையே என்பதுதான் என் துக்கம்.

கணக்கெழுதவும் நமக்குத் தெரியாமலில்லை. பிரசவத்தில் தாய் இறந்தால் அந்த ஒரு மரணத்தை எடுத்துவைத்து, எந்த மணிக்கு வலி கண்டது, எந்த மணிக்கு வண்டி வந்தது, எங்கே தாமதம் என்று அதிகாரிகளும் வைத்தியர்களும் உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கத்தை இந்தியாவிலேயே முன்னோடியாக நடத்திக் காட்டிய மாநிலம் தமிழ்நாடு. 2018–20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் மரணம் என்ற அளவுக்கு நாம் இறங்கி வந்ததில் அந்த விசாரணைக்கும் பங்குண்டு. 2011 குடிமதிப்பிலேயே மாநிலத்தில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். தாய்க்குச் செய்ததைத் தாயின் தாய்க்கும் செய்வதற்கு ஒற்றைத் தாள் போதும்: விழுந்த நேரம், வந்த நேரம், ஆபரேஷன் நேரம், முதன்முதலாக எழுந்து நின்ற நேரம், நான்கு மாதம் கழித்து வாசற்படி இறங்கினாரா என்பது.

அத்தை இறங்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை போய்வருகிறாள். அறுபத்துமூவர் உற்சவத்தன்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீதியிலிருந்து வரும் நாகஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை அன்று மறுபடி எடுத்துப் படித்தேன். ரத்தத்தில் இருந்த உப்பின் அளவும், பொருத்திய உலோகத்தின் நம்பரும் அதில் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் விழுந்து அவளுடைய மணிக்கட்டு முறிந்ததும், எலும்பு தேய்வதற்கு இனி அவள் என்ன மருந்து சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை. நேரம் ஒன்றுகூட இல்லை.

"அத்தை, நீங்கள் விழுந்தது எத்தனை மணிக்கு, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? கோயில்ல ஒலிபெருக்கி போட்டு ரெண்டாவது பாட்டு ஆயிண்டிருந்தது. கூடத்துக் கடிகாரத்துல அஞ்சடிக்கப் பத்து நிமிஷம். அங்கே யாரும் கேக்கலையேடா."