கல்லில் நின்ற பெயர்கள் – 6: ட்ரூட்டோஸின் பிள்ளைகள்

இத்தாலியின் அம்பிரியா பகுதியில் டோடி என்றொரு பழைய மலைநகரம் உண்டு. அங்கே கிடைத்த கல்லறைக் கல் ஒன்று இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் ஒரே செய்தியை லத்தீனிலும் கெல்ட்டிய மொழியிலும் வெட்டியிருக்கிறார்கள். இறந்தவன் அடெக்னாட்டோஸ். அவனுக்குக் கல்லறை எழுப்பியவன் கடைசித் தம்பி கொய்சிஸ். செய்தி அவ்வளவுதான். ஆனால் கெல்ட்டியர் ஒருவருக்கு எப்படிப் பெயர் சொன்னார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கல் வேறொன்றை நான் அறியேன்.

லத்தீன் பக்கம் கொய்சிஸை 'ட்ரூட்டோஸின் மகன்' என்று இரண்டு சொல்லில் குறிக்கிறது. கெல்ட்டியப் பக்கத்தில் மகன் என்ற சொல்லே இல்லை. தந்தை பெயரோடு 'இக்னோஸ்' என்ற விகுதியைச் சேர்த்து 'ட்ரூட்டிக்னோஸ்' என்று ஒரே சொல்லாக முடித்துவிட்டார்கள். ட்ரூட்டோஸுக்குப் பிறந்தவன் என்று பொருள். அண்ணனும் ட்ரூட்டிக்னோஸ், தம்பியும் ட்ரூட்டிக்னோஸ்.

கெல்ட்டியரின் பூசாரிகளான துருயிதர்கள் தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பதைத் தகாததாகக் கருதினார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். அதனால் கெல்ட்டியர் வாழ்ந்த கௌல் நாட்டின் (இன்றைய பிரான்ஸ்) பாட்டும் கதையும் நமக்கு வந்து சேரவில்லை. கெல்ட்டியரிடமிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி பெயர்கள்தான். குயவர்கள் களிமண் தட்டில் கீறிய கணக்கில் பெயர்கள், நாணயங்களில் பெயர்கள், ஸ்பெயினின் போட்டோரிட்டாவில் 1992இல் கிடைத்த வெண்கலத் தகட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆண், பெண் பெயர்கள் வரிசையாக. இவற்றை உதிரித் தகவல் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எதைச் சொல்ல விரும்பியதோ, அது பெயரில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கோத்த பெயர்கள் இவை. தென் பிரான்சின் வேசோன் ஊரில் 1840இல் கிடைத்த கல்லில், பெலெசாமா தேவிக்குப் புனித வளாகம் அமைத்துக் கொடுத்தவன் பெயர் செகொமாரோஸ்: வெற்றியில் பெரியவன். மார்செய்யில் குடியேறிய கிரேக்கர்களிடமிருந்து பரவிய எழுத்தில் அதை வெட்டியிருக்கிறார்கள். அவனும் தந்தை பெயரிலிருந்து ஆக்கிய அடையைத் தாங்கியே நிற்கிறான். 1959இல் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகளில் வரும் கௌல் ஊரின் ஆண்கள் எல்லாருக்கும் 'இக்ஸ்' என்று முடியும் பெயர் உண்டு. அது வெர்சிங்கெட்டோரிக்ஸ் போன்ற தலைவர்களின் பெயரில் வரும் 'ரிக்ஸ்' என்பதிலிருந்து எடுத்தது. அரசன் என்று பொருள். உயர்குடிகளிடம்தான் அதிகம் காண்கிறோம்.

அந்த வெர்சிங்கெட்டோரிக்ஸ் கி.மு. 52இல் சீசரிடம் சரணடைந்த அலேசியாவிலேயே, 1839இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. வாக்கியம் கௌல் மொழி, எழுத்து லத்தீன். உகுவேட்டிஸ் என்ற தெய்வத்துக்குக் கட்டடம் ஒன்றைக் காணிக்கையாக்கியவன் பெயர் மார்ஷியாலிஸ். சுத்தமான ரோமானியப் பெயர். தந்தையோ டன்னோடாலோஸ், அசல் கௌல் பெயர். மொழி மாறுவதற்கு முன்னாலேயே பிள்ளைக்கு வைக்கும் பெயர் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தை முழுதாகப் பார்க்க மேற்கு பிரான்சின் செந்த் நகருக்குப் போக வேண்டும். ஷரான்த் ஆற்றுப் பாலத்தின் தலைப்பில் கி.பி. 18, 19 வாக்கில் ஒரு வளைவு எழுந்தது. 1843இல் பாலத்தை இடித்தபோது வளைவை மட்டும் காப்பாற்றிக் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். அதைக் கட்டிக் கொடுத்த காயஸ் யூலியஸ் ரூஃபஸ், லியோனில் ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் பூசாரியாக இருந்த பெரிய மனிதன். தன் பெயரோடு மூன்று தலைமுறையையும் அதில் பொறித்திருக்கிறான். தந்தைக்கும் பாட்டனுக்கும் முன்னால் காயஸ் யூலியஸ், பின்னால் கௌல் பெயர். குடியுரிமையோடு வந்த ரோமானியப் பெயர் அது. பூட்டன் வெறும் எபோட்சோரோவிடுஸ். குதிரையைக் குறிக்கும் 'எபோ' அந்தப் பெயரில் இருக்கிறது என்பார்கள்.

ரோமானிய வழக்கத்தில் தந்தையின் முதல் பெயரைச் சுருக்கமாக எழுதினால் போதும். 'காயஸின் மகன்' என்று ரூஃபஸ் நிறுத்தியிருந்தால் கௌல் வாசனையே வந்திருக்காது. அவன் நிறுத்தவில்லை. பேரரசரின் வாரிசுகளைப் போற்றும் வளைவில், ஊரெல்லாம் படிக்கும்படி, பூட்டன் பெயரை முழுதாகச் செதுக்க வைத்தான். ரோமானியனாக மாறியவர்கள் முன்னோரை மறைத்தார்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த வளைவுதான் நினைவுக்கு வரும்.

தாய் வழியாகப் பெயர் சொன்ன இடமும் உண்டு. 1983இல் லர்ஸாக் பீடபூமியில் ஒரு கல்லறைக்குள் கிடைத்த ஈயத் தகட்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் சூனியம் தொடர்பான வாசகம் இருக்கிறது. அதில் பெண்களின் பட்டியல்: அடியேகாவின் மகள் ஆயியா, ஆயியாவின் தாய் அடியேகா, பவுல்லாவின் தாய் போடிட்டா. பெற்ற உறவு அல்ல, குருவும் சீடரும் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும் பெண்ணைப் பெரும்பாலும் பெண்ணின் பெயரால் அடையாளம் சொன்ன பட்டியல் அது.

ரோம் ஆளாத அயர்லாந்தில் கதை வேறு. அங்கே கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிய ஓகம் எழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அயர்லாந்திலும் பிரிட்டனின் மேற்கிலுமாக ஏறத்தாழ 400 கற்கள், பெரும்பாலும் 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இங்கே மகனுக்குத் தனிச்சொல் வருகிறது: 'மக்கி'. ஐரிஷ், ஸ்காட்டியக் குடும்பப் பெயர்களில் இன்றும் நிற்கும் 'மாக்' அதுதான். வழித்தோன்றலைக் குறித்த 'அவி' தேய்ந்து தேய்ந்து ஓ'பிரையனின் 'ஓ' ஆனது. பெண் பெயர் மிக அரிது. வேல்ஸின் எக்லுவிஸ் கம்மின் தேவாலயக் கல்லில் குனிக்னோஸின் மகள் அவிட்டோரியா நிற்கிறாள். அந்தத் தந்தையின் பெயரில், வேட்டைநாயைக் குறிக்கும் 'குனோ'வுக்குப் பின்னால், டோடியில் பார்த்த விகுதியின் உறவு ஒன்று ஒட்டியிருக்கிறது.

'மக்கி' என்று கண்ட இடமெல்லாம் தந்தையைத் தேடக் கூடாது. இங்கிலாந்தின் ராக்ஸிட்டரில், பழைய ரோமானிய நகரத்தின் இடிபாட்டருகே 1967இல் ஒரு கல் கிடைத்தது. 5ஆம் நூற்றாண்டில் அங்கே இறந்த ஓர் ஐரிஷ்காரனின் கல்; எழுத்து லத்தீன். குனோரிக்ஸ், மக்கி-கொலினியின் மகன் என்று படிக்கிறோம். மகனின் பெயர் வேட்டைநாய்-அரசன். தந்தையின் பெயரோ 'ஹோலி மரத்தின் மகன்'. முதலில் வரும் 'மகன்' உறவு. இரண்டாவது, தந்தைக்கு வைத்த பெயரிலேயே உள்ள சொல். அயர்லாந்தில் மரத்தின் பிள்ளை என்று பெயர் வைப்பது வழக்கம்தான். ரோவன் மரத்தின் மகன் என்ற பெயரும் ஓகம் கற்களில் உண்டு. மரத்துக்கு மகனாக ஒருவனைச் சொன்னது எதனால் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)