கிரிக்கெட் மராத்தி பேசிய விதம்

வெள்ளைக்காரர் கொண்டுவந்த கிரிக்கெட் இந்தியருக்குச் சொந்தமானது எப்படி என்று ஆராய்ந்தவர்களில் அர்ஜுன் அப்பாதுரை முக்கியமானவர். 1949இல் பம்பாயில் பிறந்த தமிழர், மானிடவியல் பேராசிரியர், நேதாஜியின் தற்காலிக அரசில் பிரசார அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயரின் மகன். இது குறித்த அவரது கட்டுரை 1995இல் வெளியாகி, மறு ஆண்டே ‘மாடர்னிட்டி அட் லார்ஜ்’ நூலில் சேர்ந்தது.

பண்பாட்டு வடிவங்களைக் கெட்டியானவை, இளகியவை என்று அவர் பிரிக்கிறார். கெட்டி வடிவத்தில் உடற்பழக்கமும் பொருளும் மதிப்பும் பின்னிக் கிடக்கும். ஒன்றை மட்டும் உருவ முடியாது. கிரிக்கெட் அந்த ரகம். நடுவர் தீர்ப்புக்குப் பணிவது, உணர்ச்சியை அடக்குவது, அணிக்கு விசுவாசமாக இருப்பது எல்லாம் விக்டோரியா காலக் கனவான்களின் நெறிகள். ஆட்டத்தோடு அவையும் சேர்ந்தே வந்தன.

அந்தக் கெட்டித்தன்மை இளகியதற்கு மன்னர்களின் ஆதரவு, 1946 வரை மதவாரி அணிகள் மோதிய பம்பாய்ப் போட்டிகள் எனப் பல காரணங்கள் உண்டு. சுவையான பகுதி மொழி பற்றியது. மராத்தி வானொலி வர்ணனையும் விளையாட்டு இதழ்களும் ஆங்கிலச் சொற்களைப் பெரும்பாலும் மொழிபெயர்க்கவில்லை. அப்படியே மராத்தி வாக்கியத்துக்குள் இழுத்துக்கொண்டன. மைதானத்தையே பாராதவர்களும் ஆட்டத்தைப் பற்றி வாதிடக் கற்றார்கள். தமிழுக்கும் அப்துல் ஜப்பார் போன்ற வர்ணனையாளர்கள் வாய்த்தார்கள். ஆனாலும் ‘மட்டையாளர்’ அச்சோடு சரி. தாராவிச் சந்தில் அவர் பேட்ஸ்மேன்தான்.

இந்த வாதத்தைப் பம்பாயின் தாதரிலேயே சரிபார்க்கலாம். 1925இல் திறந்த சிவாஜி பார்க்கில்தான் ரமாகாந்த் ஆச்ரேக்கர் டெண்டுல்கரைப் பழக்கினார். அந்தப் பகுதியில் வளர்ந்த சந்தீப் பாட்டீல் ‘ஏகச் ஷட்கார்’ என்ற மராத்தி விளையாட்டு இதழுக்கு ஆசிரியரானார். ஆடியவரே ஆட்டத்தைத் தாய்மொழியில் எழுதவைத்தார். கவாஸ்கரும் வெங்சர்க்காரும் ஆடிய தாதர் யூனியன் கிளப்பின் மைதானம் மட்டும், பெயரை நம்பிப் போனால் கிடைக்காது. அது மாட்டுங்காவில் இருக்கிறது.

மொழியைப் போலவே சாதியும் இந்த ஆட்டத்தில் கலந்திருந்தது. அந்தக் கதையை விரிவாகச் சொன்னவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. அவரது நூல் 2002இல் வந்தது. அதன் நாயகர்களில் ஒருவர் பல்வங்கர் பாலூ. தலித், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், இந்துக்கள் அணியின் முதன்மை வீரராக இருந்தும் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1937 தேர்தலில் அவர் எதிர்த்து நின்று தோற்றது, தாதர் இந்து காலனியின் ‘ராஜகிருஹ’ வீட்டில் வாழ்ந்த அம்பேத்கரிடம். பாலூவுக்குக் கிட்டாத தலைமை 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்திருந்தது.